கேட்டலும் வினவலும்: ஜப்பானியக் கதையுலகும் அதன் ரசிகர்களும்

தமது சமூகத்துக்கு அந்நியமான ஒரு பண்பாட்டின் மீது ஒருவர் பெருங்காதல் கொள்ளும்போது அக்காதலை எந்த அளவுகோலால் மதிப்பிடுவது? கடந்த சில பத்தாண்டுகளாக இவ்வினா வேறெந்த நாட்டைக் காட்டிலும் ஜப்பானைக் குறித்தே அதிகமாக எழுந்துவந்திருக்கிறது. மங்கா எனப்படும் சித்திரக்கதைகளும் அனிமே எனப்படும் அசைவூட்டப் படங்களும் பல நாடுகளில் பெருந்தொகையான ரசிகர்களைத் தோற்றுவித்துள்ளன. அந்த ரசிகர் படங்களோடு நின்றுவிடுவதில்லை. படத்தில் கண்ட ஆலய வாயில், கோடைத் திருவிழா, தேநீர்ச் சடங்கு, கிமோனோ உடை, மாயப் பிறவிகள் உலவும் பழங்கதைகள் என்று ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் பயணப்பட்டு, ஈற்றில் அந்நாட்டின் மரபையே நேசிக்கத் தொடங்குகிறார்.

இந்த நேசத்தின் மீது வழக்கமாக இருவகைத் தீர்ப்புகள் வழங்கப்படுகின்றன. பெற்றோரும் ஆசிரியரும் அதைப் பிள்ளைத்தனமான பொழுதுபோக்கு எனத் தள்ளிவிடுகின்றனர். ஆய்வாளரோ, கீழைத்தேயத்தைக் கனவுலகமாக்கும் பழைய மேலைத்தேய நோக்கின் தொடர்ச்சி என அதை வகைப்படுத்துகின்றனர். இரண்டிலும் உண்மையின் ஒரு கூறு உண்டு. ஆயினும் இரண்டு தீர்ப்புகளும் ரசிகர் எதை நேசிக்கிறார் என்பதையே நோக்குகின்றன. எவ்வாறு நேசிக்கிறார் என்பதை நோக்குவதில்லை. நேசத்தின் தகுதி அதன் பொருளில் மட்டுமன்றி அதன் முறையிலும் தங்கியுள்ளது என்பதே இக்கட்டுரையின் நிலைப்பாடு. அதனை நிறுவ, அனிமே தோன்றுவதற்கு முன்பே ஜப்பானின் மீது காதல்கொண்ட ஒருவரையும், அவர் வாழ்ந்த ஊருக்கு அருகிலேயே வளர்ந்த ஒரு சித்திரக்கதைக் கலைஞரையும், ஒரு திரைப்படத்தையும் எடுத்துக்கொள்வோம்.

மரபும் சந்தைச் சரக்கும்

முதலில் ஒரு பிழையான பிரிவினையைக் களைந்துவிட வேண்டும். ரசிகர் தமது பயணத்தை, மேலோட்டமான வெகுசனக் கலையிலிருந்து ஆழமான மரபை நோக்கிய பயணமாகக் கருதுவதுண்டு. கண்டனம் செய்வோரும் அவ்வாறே இரண்டையும் எதிரெதிரே நிறுத்துகின்றனர். ஜப்பானிய வரலாறு இப்பிரிவினையை ஏற்பதாயில்லை.

'மங்கா' என்ற சொல்லைத் தலைப்பில் தாங்கிய ஹொகுசாயின் ஓவியக் கையேடுகளில் முதலாவது 1814இல் வெளியாயிற்று. அவருடைய புகழ்பெற்ற பேரலை ஓவியம் 1831ஐ ஒட்டிய ஆண்டுகளில் மரஅச்சில் வார்க்கப்பட்டு, நகரத்துச் சாதாரண மக்கள் வாங்கக்கூடிய விலையில் விற்கப்பட்டது. இன்று 'ஜப்பானியத் தூய்மை'யின் சின்னமாகக் காட்டப்படும் அவ்வோவியத்தின் நீலம், ஐரோப்பாவில் கண்டுபிடிக்கப்பட்ட பிரஷ்ய நீலம் என்னும் செயற்கைச் சாயமாகும். கபுகி அரங்கு வணிகர்களும் கைவினைஞர்களும் திரண்ட கேளிக்கைக் களமாக இருந்தது. யோகாய் எனப்படும் மாயப் பிறவிகளை வரிசைப்படுத்தி ஓவியர் தொரியாமா செகியென் 1776இல் வெளியிட்ட படநூலும் ஏதோ ஆலயத்தின் மறைநூலன்று. எதோ நகரின் வாசகர் விரும்பி வாங்கிய நூல்.

ஆகவே இன்றைய மரபு நேற்றைய சந்தைச் சரக்காயிருந்தது. இன்றைய சந்தைச் சரக்கில் சில நாளைய மரபாகலாம். வெகுசனக் கலையை நேசிப்பதால் ஒருவர் தாழ்ந்துவிடுவதுமில்லை, மரபை நேசிப்பதால் உயர்ந்துவிடுவதுமில்லை. அக்கலையை ஆக்கியோரோடும் அதைச் சொல்லிவந்தோரோடும் அவர் எத்தகைய உறவை வைத்திருக்கிறார் என்பதே கேட்கப்பட வேண்டியது.

ஒற்றைக் கண்ணரின் ஜப்பான்

லஃப்காடியோ ஹெர்ன் 1850இல் கிரேக்கத் தீவான லெஃப்கடாவில் பிறந்தார். தாய் கிரேக்கப் பெண். தந்தை பிரித்தானியப் படையில் மருத்துவராயிருந்த அயர்லாந்துக்காரர். பெற்றோர் இருவராலும் கைவிடப்பட்டு டப்ளினில் உறவினர் ஒருவரின் ஆதரவில் வளர்ந்த அவர், பள்ளிப் பருவத்தில் இடக்கண்ணின் பார்வையை இழந்தார். எஞ்சிய கண்ணும் வலுவற்றது. அமெரிக்காவுக்குச் சென்று பத்திரிகையாளராகி, நியூ ஓர்லியன்ஸ் நகரில் கிரியோல் மக்களின் பழமொழிகளையும் சமையற் குறிப்புகளையும் திரட்டி 1885இல் நூல்களாக்கினார். அவ்வாண்டுகளில் அந்நகரில் நடைபெற்ற உலகக் கண்காட்சியின் ஜப்பானியப் பகுதி அவரைக் கவர்ந்தது. 1890 ஏப்ரலில் யோகொஹாமா துறைமுகத்தில் இறங்கினார். அவ்வாண்டு ஆகஸ்டில் ஜப்பான் கடலோரப் பகுதியிலுள்ள மாட்சுயே என்னும் பழைய கோட்டை நகருக்கு ஆங்கில ஆசிரியராகச் சென்றார்.

மாட்சுயேயில் அவர் தங்கியது ஏறத்தாழப் பதினைந்து மாதங்களே. எனினும் அவர் வாழ்நாள் முழுதும் தேடிய ஜப்பான் அந்தப் பதினைந்து மாதங்களின் ஜப்பானே. பின்னர் குமமொதோ, கோபே, தோக்கியோ என்று இடம்பெயர்ந்தபோதெல்லாம், ஆலைகளும் படைமுகாம்களும் மேலைநாட்டு உடைகளும் பெருகிவந்த புதிய ஜப்பானை அவர் மனக்கசப்போடு நோக்கினார். ரசிகரின் முதற்குறை இதுவே: தாம் காதல்கொண்ட கணத்திலேயே தம் காதலுக்குரியவர் உறைந்துநிற்க வேண்டுமென எதிர்பார்த்தல்.

ஆனால் ஹெர்னை வெறும் கனவுலகவாசி எனத் தள்ளிவிட முடியாது. பெரும்பாலான ரசிகர் செய்யாத ஒன்றை அவர் செய்தார்; தமது நேசத்துக்கு விலை கொடுத்தார். மாட்சுயேயில் கொய்சுமி செட்சு என்பவரை மணந்தார். தம் மனைவி மக்களின் உரிமைகளைப் பாதுகாக்கும்பொருட்டு 1896இல் ஜப்பானியக் குடியுரிமை பெற்று, மனைவியின் குடும்பப் பெயரைத் தாம் ஏற்று, கொய்சுமி யகுமோ ஆனார். அவ்வாண்டிலேயே தோக்கியோ பேரரசுப் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் கற்பிக்கத் தொடங்கினார். 1903இல் அப்பல்கலைக்கழகம் அவரது ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. மாணவர் எதிர்ப்புத் தெரிவித்தும் பயனில்லை. அவ்விடத்துக்கு வந்தவர்களுள் ஒருவர், பின்னாளில் ஜப்பானிய நாவலின் பெருங்கலைஞராகப் போற்றப்பட்ட நட்சுமே சொசெகி. விருந்தினராக இருந்தபோது கிடைக்கும் உபசாரம் உறவினராகிவிட்டால் கிடைப்பதில்லை என்பதை ஹெர்ன் தம் வாழ்வில் அறிந்தார். 1904 செப்டம்பரில் தோக்கியோவிலேயே காலமானார்.

செட்சுவின் குரல்

ஹெர்னின் மிகச் சிறந்த நூலெனப் பலரும் கருதும் 'க்வைதான்' 1904இல், அவர் மறைவதற்குச் சில மாதங்களின் முன் வெளியாயிற்று. விந்தைக் கதைகள் என்பது அத்தலைப்பின் பொருள். ஜப்பானிய நூல்களைத் தாமே சரளமாகப் படிக்கும் திறன் ஹெர்னுக்கு இறுதிவரை வாய்க்கவில்லை. அவ்வாறாயின் கதைகள் எங்கிருந்து வந்தன?

அவை செட்சுவிடமிருந்து வந்தன. 1868இல், சாமுராய் ஆட்சி முடிவுற்று மெய்ஜி காலம் பிறந்த அதே ஆண்டில், அவர் பிறந்தார். புதிய ஒழுங்கில் வறுமையுற்ற சாமுராய்க் குடும்பத்துப் பெண்ணாகச் சிறுவயதிலேயே பள்ளியை விட்டு நெசவு செய்து பிழைத்தவர். பழைய புத்தகக் கடைகளில் கதைநூல்களைத் தேடிப் படித்து, இரவு வேளைகளில் கணவருக்குச் சொல்லுவார். இருவரும் பேசியது இலக்கண ஒழுங்குகளைக் கைவிட்ட, அவ்விருவருக்கு மட்டுமே உரிய ஒரு வீட்டு ஜப்பானிய மொழி. செட்சுவின் நினைவுக் குறிப்புகள் 1914இல் வெளிவந்தன. நூலைப் பார்த்துப் படிப்பதை ஹெர்ன் ஏற்கமாட்டார் என்றும், கதை தம்முடைய சொந்தச் சொற்களாகவும் சொந்த எண்ணமாகவும் வரவேண்டுமென வற்புறுத்துவார் என்றும் அதில் அவர் நினைவுகூர்ந்துள்ளார். ஆதலால் கதை முதலில் அவருக்குள் கரைந்தாக வேண்டியிருந்தது. கொடுங்கனவுகள் காணுமளவுக்கு அக்கதைகள் அவரைப் பற்றிக்கொண்டன.

இது சாதாரணச் செய்தியன்று. மரபு என்பது நூலில் உறைந்துகிடக்கும் பொருளென்று ஹெர்ன் கருதவில்லை. உயிருள்ள ஒருவரின் வாயிலிருந்து, அவருடைய அச்சத்தோடும் மூச்சோடும் வருவதே மரபு எனக் கருதினார். கண் குன்றிய அம்மனிதர் தம் செவியை ஒப்படைத்தார். ஒரு பண்பாட்டைக் கண்ணால் நேசிப்பவர் பொருட்களைச் சேகரிக்கிறார். அவருக்குப் பேசும் மனிதர் தேவையில்லை. செவியால் நேசிப்பவருக்கோ சொல்லுகிறவர் ஒருவர் வேண்டும். சொல்லுகிறவர் தாம் விரும்பும் வேகத்தில், விரும்பும் இடத்தில் நிறுத்திச் சொல்லுவார். கேட்பவர் பொறுத்திருக்க வேண்டும்.

அந்நூலின் முதற்கதையான 'காதிழந்த ஹொய்ச்சி' இப்பண்பின் சிறந்த சான்றாகும். 1185இல் தான்னொஉரா கடற்போரில் மாண்ட ஹெய்கே குலத்தாரின் வீழ்ச்சியைப் பீவா என்னும் நரம்பிசைக் கருவியோடு பாடும் கண்பார்வையற்ற கலைஞர் ஹொய்ச்சி. இறந்தோரின் ஆவிகள் அவரை இரவுதோறும் அழைத்துச் சென்று தங்கள் அழிவையே பாடச் சொல்லிக் கேட்கின்றன. கதையின் மூலம் 1782ஆம் ஆண்டின் ஒரு ஜப்பானியக் கதைத் தொகுப்பு. ஹெர்னின் எழுத்தில் வாசகர் காண்பது சிறிது, கேட்பது மிகுதி. நெருங்கிவரும் காலடி, கதவு திறக்கும் ஓசை, பட்டாடையின் சரசரப்பு, பாய்களின் மேல் நடக்கும் பாதங்கள், பெண்களின் குரல் ஆகியவற்றாலேயே ஓர் அரசவை எழுப்பப்படுகிறது. வாயிற்காவலரை விளிக்கும் இடத்தில் ஜப்பானியச் சொல்லையே ஆங்கிலத்தினுள் ஹெர்ன் விட்டுவைக்கிறார். பொருள் விளங்காவிடினும் அதன் ஓசை வாசகருக்குக் கேட்கவேண்டும் என்பது அவர் கருத்து.

ஹொய்ச்சியைக் காப்பதற்காகத் துறவியர் அவருடலெங்கும் மறைவாசகங்களை எழுதுகின்றனர். காதுகளில் எழுத மறந்துவிடுகின்றனர். அழைக்க வந்த ஆவிக்குக் காதுகள் மட்டுமே தென்படுகின்றன. அவற்றைப் பிய்த்துக்கொண்டு செல்கிறது. ஹெர்ன் இக்கதையை எழுதிய நாட்களில், இருள் கவிந்த அறையில் விளக்கேற்றாமல் அமர்ந்திருப்பாராம். அடுத்த அறையிலிருந்து செட்சு ஹொய்ச்சியின் பெயர் சொல்லி அழைத்தால், ஹொய்ச்சியாகவே மறுமொழி கூறுவாராம். எழுத்தாளர் ஹொய்ச்சி, அழைத்த குரலோ மனைவியுடையது. எனினும் நூலின் முகப்பில் அக்குரலின் சொந்தக்காரர் பெயர் இல்லை. ஆங்கில வாசகர் பல தலைமுறைகளாக ஹெர்னின் ஜப்பானைப் படித்தனர். செட்சுவின் ஜப்பானைப் படிக்கிறோம் என்பதை அறிந்தாரில்லை. 2025 செப்டம்பரில் ஜப்பானியப் பொது ஒளிபரப்பு நிறுவனமான என்.எச்.கே. தொடங்கிய 'பகெபகெ' என்னும் காலைத் தொடர்நாடகம் செட்சுவை முன்மாதிரியாகக் கொண்ட பெண்ணை நடுநாயகமாக்கியது. அவருக்குரிய இடம் வெகுசனக் கலையின் வழியாகவே பரந்த மக்களிடம் வந்துசேர்ந்தது என்பது கவனத்திற்குரியது.

திரும்பி வந்த கதைகள்

ரசிகர் பெறுபவர் மட்டுமல்லர். சில வேளைகளில் கொடுப்பவராகவும் ஆகிவிடுகிறார். பனிப்புயலில் ஒருவரைக் கொன்று மற்றவரை உயிரோடு விட்டுச்செல்லும் 'பனிப்பெண்' கதையைத் தமக்கு மேற்குத் தோக்கியோப் பகுதியின் உழவர் ஒருவர் சொன்னதாக ஹெர்ன் முன்னுரையில் குறிப்பிட்டார். பனிப்பெண் பற்றிய நம்பிக்கை பழையது. ஆனால் இன்று ஜப்பானியர் அறிந்திருக்கும் அக்கதையின் வடிவம் பெரிதும் ஹெர்ன் தந்த வடிவமே. ஆங்கிலத்திலிருந்து ஜப்பானிய மொழிக்குப் பெயர்க்கப்பட்டு, சிறுவர் நூல்களில் இடம்பெற்று, சில வட்டாரங்களில் சொந்த ஊர்க்கதையாகவே சொல்லப்படலாயிற்று. இயக்குநர் கொபயாஷி மசாகி 1964இல் 'க்வைதான்' என்ற பெயரிலேயே நான்கு கதைகளைக் கொண்ட திரைப்படத்தை எடுத்தார். அடுத்த ஆண்டு கான் விழாவில் அது நடுவர் குழுவின் சிறப்புப் பரிசைப் பெற்றது. நான்கும் ஹெர்னின் நூல்களிலிருந்து எடுக்கப்பட்டவை. ஓர் அந்நியர் செவியால் பெற்றதை ஜப்பான் தன் மரபாகத் திரும்பப் பெற்றுக்கொண்டது.

கேட்கப்படாத வினா

தமிழில் 'கேள்வி' என்னும் சொல் இரு பொருள் தருவது. செவிவழிப் பெறும் கல்வியும் கேள்வி; ஐயுற்று வினவுதலும் கேள்வி. ஹெர்னிடம் முதலாவது நிறைவாக இருந்தது. இரண்டாவது மிகவும் பிந்தியே வந்தது.

1895இல் வெளியான நூலொன்றில், சீனாவுடனான போருக்குப் புறப்படும் தம் பழைய மாணவர் விடைபெற வந்ததை ஹெர்ன் எழுதியுள்ளார். பேரரசருக்காக உயிர்விடுவதே அவ்விளைஞரின் விருப்பம். அவ்விருப்பம் நிறைவேறியதைத் தலைப்பே உணர்த்துகிறது. ஹெர்ன் அந்த இளைஞரின் சொற்களை மரியாதையோடு கேட்டார். அவற்றின் அழகில் ஆழ்ந்தார். அவ்விருப்பத்தை அவர் உள்ளத்தில் விதைத்தவர் யார், எந்தப் பள்ளிக்கூடம், எந்த அரசாணை என்று மட்டும் வினவவில்லை. பழைமையானதென அவர் நம்பிய அந்தப் பேரரச பக்தியின் பெரும்பகுதி, மெய்ஜி அரசு தன் பள்ளிகளின் வழியாகவும் படையின் வழியாகவும் அவர் கண்ணெதிரிலேயே கட்டியெழுப்பிக்கொண்டிருந்த புதிய கட்டுமானம். ஜப்பானியச் சமூகம் இறந்தோரின் ஆட்சியின் கீழ் வாழ்கிறது என்பது அவரது இறுதி நூலான 'ஜப்பான்: விளக்குவதற்கான ஒரு முயற்சி'யின் மையக்கருத்து. அந்நூலிலேயே ஆலைகளில் பெண்களும் குழந்தைகளும் சுரண்டப்படுவதை அவர் கண்டித்துள்ளார் என்பதை நேர்மையுடன் சொல்லவேண்டும். வினவத் தொடங்கியபோது அவருக்கு ஆயுள் முடிந்துவிட்டது.

ரசிகரின் வருணனை யாருக்கும் தீங்கற்ற இலக்கியமாகவே நின்றுவிடும் என்பதற்கு உறுதியில்லை. இரண்டாம் உலகப் போரின் முடிவில் ஜப்பானை ஆண்ட அமெரிக்கத் தளபதி மக்ஆர்தரின் அலுவலர்களுள் ஒருவர் பொன்னர் ஃபெல்லர்ஸ். ஜப்பானிய உள்ளத்தை ஹெர்னின் நூல்களிலிருந்து கற்றுக்கொண்ட தீவிர வாசகர் அவர். பேரரசர் ஹிரோஹிதோவைப் போர்க்குற்றவாளியாக விசாரிக்கலாகாது என்று வாதிடும் குறிப்பை 1945 அக்டோபர் 2ஆம் நாள் மக்ஆர்தருக்கு எழுதியவரும் அவரே. அம்முடிவுக்கு அரசியற் காரணங்கள் பலவுண்டு. ஒரு நூலாசிரியரின் மீது அதனைச் சுமத்துவது நீதியாகாது. எனினும் கனவுகண்ட ஒருவரின் சித்திரம், நாற்பதாண்டுகளுக்குப் பின் ஒரு நாட்டின் மனத்தை அளக்கும் கருவியாகக் கையாளப்பட்டது என்பதை நாம் மறந்துவிடலாகாது.

மூதாட்டியும் போர்க்களமும்

மாட்சுயேயிலிருந்து வெகு தொலைவில் இல்லாத துறைமுக ஊர் சகாய்மினாதோ. 1922இல் பிறந்த மிசுகி ஷிகெரு அங்கேதான் வளர்ந்தார். வழிபாட்டுத் தொழிலைச் சார்ந்து வறுமையில் வாழ்ந்த மூதாட்டி ஒருத்தியை ஊரார் 'நொன்னொன்பா' என அழைத்தனர். கூரையில் தெரியும் கறை, இரவில் பின்தொடரும் காலடி, குளியலறையின் அழுக்கு என ஒவ்வொன்றுக்கும் ஒரு யோகாயை அவள் அறிந்திருந்தாள். சிறுவனான மிசுகி அவளிடம் கேட்டதே பின்னாளில் ஜப்பான் முழுதும் பரவிய யோகாய் உலகின் வித்து. ஹெர்னுக்குச் செட்சு, மிசுகிக்கு நொன்னொன்பா. ஏட்டுக் கல்வி அதிகம் வாய்க்காத பெண்களே இருவருக்கும் ஆசிரியர் என்பது தற்செயலாக இருக்கலாம். மரபு எவருடைய நாவில் உயிர்வாழ்கிறது என்பதை அது உணர்த்தாமலில்லை.

மிசுகி 1943இல் படையில் சேர்க்கப்பட்டு, இன்றைய பப்புவா நியூ கினியைச் சேர்ந்த ரபாவுல் பகுதிக்கு அனுப்பப்பட்டார். அங்கே தம் இடக்கையை இழந்தார். ஹெர்ன் வியந்து எழுதிய அந்த 'விருப்பத்தை' ஆணையாகப் பெற்ற தலைமுறை அவருடையது. 1973இல் அவர் வரைந்த போர்க் கதையில், ஒரு படைப்பிரிவு முழுவதும் மடிந்துவிட்டதாக மேலிடத்துக்கு அறிவிக்கப்படுகிறது. சிலர் உயிர்பிழைத்து விடுகின்றனர். அறிவிப்பு பொய்யாகிவிடக் கூடாதென்பதற்காகப் பிழைத்தோர் மீண்டும் சாவுக்கு அனுப்பப்படுகின்றனர். இறந்தோரின் ஆட்சி என ஹெர்ன் கவித்துவத்தோடு கூறியதன் மறுபக்கம் இதுதான். உயிருள்ளவர்களை இறந்தோர் பட்டியலுக்கு ஏற்பச் சரிசெய்யும் அதிகாரம் அது.

அதே மிசுகிதான் 'கெகெகெ நொ கிதாரோ' என்னும் யோகாய்ச் சிறுவனின் கதைகளையும் வரைந்தார். கிதாரோ 1965இல் பிரபல வார இதழில் இடம்பெற்றான்; 1968இல் தொலைக்காட்சிக்கு வந்தான். இப்பாத்திரத்துக்கு 1930களில் தெருவோரப் படக்கதை சொல்லிகள் பயன்படுத்திய ஒரு முன்வடிவம் உண்டு. செகியெனின் 1776ஆம் ஆண்டு நூலிலிருந்தும் மிசுகி தாராளமாக எடுத்துக்கொண்டார். மரபும் சந்தையும் இங்கே பிரித்தறிய முடியாதவாறு கலந்துள்ளன. 1988–89இல் எட்டுத் தொகுதிகளாக வெளிவந்த அவருடைய ஷோவா காலச் சித்திர வரலாற்றில், கிதாரோ கதையின் தந்திரக்கார 'எலி மனிதன்' கதைசொல்லியாகத் தோன்றிப் போரையும் பஞ்சத்தையும் ஆட்சியாளர் பொய்களையும் விளக்குகிறான். மாயப் பிறவி வரலாற்றை நோக்கி வினவுகிறது. கேள்வி என்னும் சொல்லின் இரு பொருளும் ஒருவரிடம் கூடிநிற்பதை இங்கே காண்கிறோம்.

இன்று சகாய்மினாதோவில் மிசுகியின் பெயர்தாங்கிய வீதியில் வெண்கலச் சிலைகள் பல நிற்கின்றன. ரசிகர் அவற்றோடு நின்று படமெடுத்துக்கொள்கின்றனர். அதில் தவறேதுமில்லை. ஆனால் கிதாரோவை அறிந்து, அவனை வரைந்தவரின் ஒற்றைக் கையை அறியாத ரசிகர், அக்கதையின் பாதியை மட்டுமே கேட்டவராவார்.

ஊர்வலமும் பார்வையாளரும்

இப்பாதிக் கேள்வியைக் குறித்தே ஓர் அனிமே படம் எடுக்கப்பட்டுள்ளது. தகஹத்த இசாவோ 1994இல் இயக்கிய 'பொம்போகோ'வின் நாயகர், தனுகி என்னும் நரியினக் காட்டு விலங்குகள். உருமாறும் ஆற்றல் அவற்றுக்கு உண்டென்பது ஜப்பானிய நாட்டார் நம்பிக்கை. தோக்கியோவின் புறத்தேயுள்ள தமா மலைகளை வெட்டிச் சமன்செய்து குடியிருப்பு நகரம் எழுப்பப்படுகிறது. உறைவிடமிழந்த தனுகிகள் மனிதரை அச்சுறுத்தி விரட்ட முனைகின்றன. முகமற்ற மனிதராக உருமாறிக் காவலர் ஒருவரை ஓட ஓட விரட்டும் காட்சி, ஹெர்ன் 'முஜினா' என்ற தலைப்பில் எழுதிய கதையை நினைவூட்டுகிறது.

படத்தின் உச்சம் யோகாய் ஊர்வலம். தனுகிகள் தம் ஆற்றலனைத்தையும் திரட்டி, புதிய குடியிருப்பின் தெருக்களில் நூற்றுக்கணக்கான மாயப் பிறவிகளை நடத்திக் காட்டுகின்றன. களைப்பில் மூத்த தனுகி ஒன்று உயிரையே விடுகிறது. மனிதரோ அஞ்சவில்லை, மகிழ்கின்றனர். பிள்ளைகள் கைகொட்டுகின்றனர். இருவர் மது அருந்தியவாறே யோகாய்களைப் பற்றி உரையாடுகின்றனர். தம் முதுகுக்குப் பின்னே அவை ஊர்ந்து செல்வதைக் கவனிக்கவில்லை. மறுநாள், புதிதாகத் திறக்கப்படவிருக்கும் கேளிக்கைப் பூங்காவின் தலைவர், அந்த ஊர்வலம் தமது நிறுவனத்தின் விளம்பரமே என உரிமை கோருகிறார்.

ரசிகர் மீதான விமர்சனத்தை இதைவிடக் கூர்மையாகவும் கருணையோடும் வேறெவரும் செய்ததாகத் தெரியவில்லை. அக்குடியிருப்பு மக்கள் கெட்டவர்களல்லர். அவர்கள் யோகாய்களை உண்மையாகவே விரும்புகின்றனர். தங்கள் வீடுகள் யாருடைய வாழ்விடத்தின் மேல் எழுந்தன என்பதை மட்டும் அவர்கள் கேட்கவில்லை. ஒருவரின் இறுதி முறையீடு மற்றவருக்குக் கண்கொள்ளாக் காட்சியாகிறது. அக்காட்சி மூன்றாமவருக்கு வணிகமாகிறது. அப்படத்தை அவ்வாண்டில் ஜப்பானிய மக்கள் பெருந்திரளாகச் சென்று கண்டுகளித்தனர் என்பது அதன் வாதத்தை உறுதிப்படுத்துகிறதேயன்றி மறுக்கவில்லை.

நல்ல ரசிகர் யார்?

2002இல் அமெரிக்கப் பத்திரிகையாளர் டக்ளஸ் மக்கிரே, ஜப்பானின் வெகுசனப் பண்பாட்டு ஈர்ப்பு ஒரு தேசிய வலிமையாக வளர்ந்துள்ளது என்று எழுதினார். அக்கருத்தை ஜப்பானிய அரசு பற்றிக்கொண்டது. 2010இல் பொருளாதார அமைச்சில் அதற்கெனத் தனி அலுவலகமும், 2013இல் அரசும் தனியாரும் சேர்ந்த முதலீட்டு நிதியமும் அமைக்கப்பட்டன. 'கூல் ஜப்பான்' என்னும் அத்திட்டத்துக்கு வேண்டியவர், வாங்கி மகிழும் ரசிகர். வினவும் ரசிகரால் அதற்கு ஆகவேண்டியது எதுவுமில்லை. பூங்காவின் தலைவர் ஊர்வலத்துக்கு உரிமை கோரியதை இங்கே எண்ணிப்பார்க்கலாம்.

ஆயினும் ரசிகர்களை வெறும் நுகர்வோராகச் சித்திரிப்பது அநீதி. 1975 டிசம்பரில் தோக்கியோவில் சில நூறு பேரோடு தொடங்கிய 'கொமிகெட்' சந்தை, ரசிகர் தாமே வரைந்த நூல்களைத் தாமே விற்கும் களமாகப் பெருவளர்ச்சி கண்டது. வாசகராயிருந்தோர் அங்கே படைப்பாளராயினர். 1980களின் பிற்பகுதியிலும் 1990களிலும் அமெரிக்க ரசிகர்கள் ஜப்பானிய மொழியைக் கற்று, வீடியோ நாடாக்களில் மொழிபெயர்ப்பு வரிகளைத் தாமே பதித்து, பணம் கருதாமல் பரிமாறிக்கொண்டனர். பதிப்புரிமையின் நோக்கில் அது கேள்விக்குரியதே. ஆனால் பிறமொழியின் முன் மாணவராக அமரும் பணிவு அதில் இருந்தது. அப்பணிவு எங்கிருந்தாலும் அது ஹெர்னின் சிறந்த பக்கத்தைச் சேர்ந்தது.

இவையனைத்திலிருந்தும் நல்ல ரசிகரை இனங்காணச் சில அடையாளங்களைத் தொகுத்துக்கொள்ளலாம். தமக்குச் சொன்னவர் யாரென்பதை அவர் அறிவார். அவர் பெயரை மறைக்கமாட்டார். தாம் நேசிக்கும் மக்கள் மாறுவதற்கு உரிமையுடையோர் என்பதை ஏற்பார். தமது முதற்காதலின் கணத்தில் அவர்களைச் சிறைவைக்கமாட்டார். அழகாக இருப்பதாலேயே ஒன்றை நியாயமென ஒப்புக்கொள்ளமாட்டார். தமது மகிழ்ச்சிக்காக யாரேனும் விலை கொடுத்துள்ளனரா என வினவுவார்.

இக்கதைகளின் ஆவியுலக நம்பிக்கைகளை ஏற்றுக்கொள்வது வேறு. அவற்றைச் சொல்லிவந்த மக்களின் அச்சத்தையும் துயரத்தையும் நகைப்பையும் அறிந்துகொள்வது வேறு. முன்னது ஒருவரின் கொள்கையைச் சார்ந்தது. பின்னது மனிதர் அனைவர் மீதும் உள்ள கடமை. ஜப்பானியக் கதைகளில் மனம்பறிகொடுத்த இளைஞர் ஒருவர் நம் வீட்டில் இருப்பாராயின் அவரைக் கடிந்துகொள்ள வேண்டியதில்லை. பெருமைப்படுத்தி ஊக்கமூட்டவும் வேண்டியதில்லை. அக்கதையை முதலில் சொன்னவர் யார், அவர் எப்படி வாழ்ந்தார் என்று அவரிடம் கேட்கலாம். விடை தெரியாவிடின், அதைத் தேடிச் செல்வதிலிருந்தே அவருடைய கல்வி தொடங்கும்.